வளைவில் கிடந்த கொப்புகள்

ரொறன்ரோவில் நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். பதினான்கு வருடமாக ஓட்டுகிறேன். பனி கொட்டும் நாளிலும் பிள்ளைகளை வாசலில் ஏற்றி வாசலில் இறக்கியிருக்கிறேன். பஸ்ஸில் ஒரு கீறல் விழுந்ததில்லை. இதைக் கேட்டவர்களிடம் மட்டுமல்ல, கேட்காதவர்களிடமும் சொல்லித் திரிவேன். போன வருடம் விடுமுறைக்கு மாத்தளைக்குப் போய் ஒரு மாதத்துக்குக் கார் வாடகைக்கு எடுத்தபோது, கார்க்காரரிடம் நான் முதலில் சொன்னதும் இதுதான்.

நான் பிறந்தது மாத்தளையில். அப்பா அரசாங்க உத்தியோகத்தில் வடக்கிலிருந்து மாற்றலாகி வந்து அங்கேயே தங்கிவிட்டவர். இருபத்தொரு வயதில் கல்யாணமாகிக் கனடா போனேன். ஆகவே ஊர் தெரியும், சந்துபொந்து தெரியும், எந்தக் கடையில் எது நன்றாயிருக்கும் என்று தெரியும். ஆனால் அந்த ஊரில் ஒரு நாளாவது வாகனம் ஓட்டியிருக்கிறேனா என்றால் இல்லை. பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் தூங்குவேன், கிடைக்காவிட்டால் தொங்குவேன். ரோட்டை நான் கவனித்ததே கிடையாது. ரோட்டைப் பொறுத்தவரை நான் கனடாக் கடவுச்சீட்டும் தற்காலிக அனுமதிப் பத்திரமும் வைத்திருக்கும் சுத்த வெளிநாட்டுக்காரி. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கார்க்காரர் கோயிலுக்குக் கிட்ட கராம்பு, சாதிக்காய், மிளகு வாங்கி விற்கிற ஒரு முஸ்லிம் வியாபாரி. கடைக்குப் பின்னால் மூன்று கார்கள் வைத்து வாடகைக்கு விடுகிறார். ஊரில் எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். சாவியைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை. பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, தம்புள்ளை ரோட்டில் அலுவிகாரை வரைக்கும் ஓட்டிக் காட்டச் சொன்னார். ஸ்டியரிங் வலப்பக்கம், ரோட்டில் போவது இடப்பக்கம். சிக்னல் போட நினைத்துத் தட்டினால், நல்ல வெயிலில் வைப்பர் ஆடியது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஆடியது. நானா சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

"தங்கச்சி, எல்லாரும் உங்களப் பார்த்து ஹோர்ன் அடிப்பாங்க. அது கோவம் இல்ல, சலாம் சொல்ற மாதிரி," என்றார். "மத்ததெல்லாம் ரோட்டே சொல்லித் தரும், இன்ஷா அல்லாஹ்."

எனக்கு ஒரே ஒரு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாத்தளையில் எங்கள் பழைய வீட்டிலேயே இருக்கிறாள். அரசாங்கத்தில் பொதுச் சுகாதாரத் தாதி. ஊரெல்லாம் அவளை 'மிஸ்' என்று கூப்பிடும். என்னைவிட ஆறு வயது மூத்தவள், பேச்சில் என்னைவிட அறுபது வயது மூத்தவள். நான் கார் எடுத்து வந்து வாசலில் நிறுத்தியதும் வெளியே வந்து பார்த்தாள். "பஸ் ஓடாத ஊரா இது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு வாரம் அவள் அந்தக் காரில் ஏறவே இல்லை. நானும் வீம்புக்கு ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம்தான் எனக்கு வாய்ப்பு வந்தது. லக்கலப் பக்கம் உள்ளே தள்ளி ஒரு ஊரில் மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடும் கிளினிக். அந்தப் பகுதித் தாதி பிரசவ விடுப்பில் இருந்ததால் அக்கா பதில் கடமைக்குப் போய்க்கொண்டிருந்தாள். டாக்டர் வேறொரு ஊரிலிருந்து நேராக வந்துவிடுவார். மருந்தை ஐஸ் கட்டிகள் வைத்த நீலப் பெட்டியில் மாத்தளையிலிருந்து கொண்டுபோவது அக்காவின் பொறுப்பு. வழமையாக அலுவலக ஜீப் போகும். அன்று ஜீப் கராஜில் கிடந்தது. ஏழேகால் பஸ்ஸில் போகிறேன் என்று அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள்.

"பஸ்ஸில ஐஸ் பெட்டியை மடியில வச்சிக்கிட்டா போவீங்க? நான் கூட்டிட்டுப் போறேன் அக்கா. தினமும் எத்தன பிள்ளைகள ஏத்தி இறக்குறேன், தெரியுமா?"

"நீ அங்க ஏத்து, இறக்கு. இது ரிவர்ஸ்டன் மலை ரோட்டு," என்றாள். ஆனாலும் ஏறினாள். ஏறுவதற்கு முன் பெட்டியைப் பின் சீட்டில் வைத்து, அதற்கு பெல்ட் போட்டு, இழுத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் தனக்குப் போட்டுக்கொண்டாள்.

போகும் வழியில் அக்கா நிலைமையைச் சொன்னாள். அந்த அம்மாமார் காட்டை வெட்டிப் பயிரிடும் சேனைகளிலிருந்தும் உள் ஊர்களிலிருந்தும் கைப்பிள்ளையோடு விடியக் கிளம்பி வருகிறவர்கள். திரும்பிப் போக மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஒரு பஸ். அதை விட்டால் பின்னேரம்தான். பின்னேரம் அந்த ரோட்டில் யானை இறங்கும். பிள்ளையோடு யாரும் நிற்க மாட்டார்கள். "பன்னிரண்டு மணிக்கு முந்தி நாம போகலன்னா எல்லாரும் போயிருவாங்க. பிறகு அடுத்த மாசம்தான். போன மாசமும் மழையில பாதிப் பேருக்கு விட்டுப்போச்சு," என்றாள். நான் வைப்பர் ஆடாமல் சிக்னல் போட்டுக் காட்டினேன். அவள் கவனிக்கவில்லை.

ரத்தோட்டையைத் தாண்டி ஏற ஏற ரோடு ஒடுங்கிக்கொண்டே போனது. உச்சியில் மேகம் ரோட்டிலேயே கிடந்தது. நான் மெதுவாகத்தான் ஓட்டினேன், அது உண்மை. ரிவர்ஸ்டன் தாண்டி மறுபக்கம் இறங்கத் தொடங்கினோம். இடப்பக்கம் பள்ளம், வலப்பக்கம் மலை, மலையோரம் தண்ணீர் ஓடும் கான். ஒரு வளைவுக்கு முன்னால், ரோட்டின் நடுவில் இலையோடு நாலைந்து கொப்புகள் கிடந்தன. காற்றில் முறிந்து விழுந்திருக்கின்றன என்று நினைத்தேன்.

காரை நிறுத்தினேன். அக்கா அப்போது பின்னால் திரும்பி, பெட்டியின் மூடியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு நிமிஷம்," என்று இறங்கிப் போய், கொப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கானுக்குள் போட்டேன். கனடாவில் எங்களுக்குப் பழக்கியது அது. பின்னால் வருகிறவன் இதில் ஏறிச் சறுக்கக் கூடாது, நாம் கண்டால் நாம்தான் அகற்ற வேண்டும். மேகத்தில் நனைந்திருந்த சேறு கையில் ஒட்டியது. நல்ல காரியம் செய்த திருப்தியோடு கையைத் துடைத்துக்கொண்டு ஏறி, வளைவைத் திரும்பினேன்.

வளைவுக்கு அந்தப் பக்கம், மலையோரமாக, பூசணிக்காய் ஏற்றிய ஒரு லொறி எங்களைப் பார்த்து நின்றது. லக்கலவிலிருந்து மாத்தளைச் சந்தைக்கு ஏறிய லொறி. பின் சக்கரம் கழற்றியிருந்தது. கீழே ஜெக் வைத்துத் தூக்கியிருந்தார்கள். லொறிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

நான் பிரேக் போட்டு நின்றேன். பூசணிக்காயின் சொந்தக்காரர், சாரம் கட்டிய ஒரு சிங்கள விவசாயி, ஓடி வந்து கண்ணாடியில் தட்டி, "கொப்பு எங்கே?" என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குச் சிங்களம் துருப்பிடித்திருந்தது; ஆனாலும் பெருமையோடு, "நான் எல்லாத்தையும் அகற்றிவிட்டேன்," என்று சொன்னேன்.

அவர் முகம் போன போக்கை நான் இன்றும் மறக்கவில்லை. தோளில் கிடந்த துவாயை உருவிக்கொண்டு, நாங்கள் வந்த வழியே வளைவை நோக்கி ஓடினார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "என்னடி செஞ்ச? வண்டி உடைஞ்சு நிக்குதுன்னு சொல்லத்தானே கொப்பு போடுறது!"

இலங்கையில் இது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். வண்டி நின்றால் முன்னும் பின்னும் இலைக்கொப்பு வெட்டிப் போடுவார்கள். வருகிறவன் அதைக் கண்டால் வேகம் குறைப்பான். நானும் பஸ் ஜன்னலால் நூறு முறை கண்டிருப்பேன். ஆனால் காணும்போது நான் ஓட்டிக்கொண்டிருக்கவில்லையே. அதற்குள் மேலேயிருந்து ஹோர்ன் கேட்டது. இறக்கத்தில் வரும் பஸ். ஏழேகால் பஸ்.

அக்கா கதவைத் திறந்துகொண்டு இறங்கி, லொறிக்கு அடியில் கிடந்த மனிதரின் கால்களைப் பிடித்து இழுக்க ஓடினாள். கண்ணாடியில் பஸ்ஸின் முகம் வளைவில் தெரிந்தது. பின்னால் பெரிய வாகனம் வந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்று என் கை தானாக ஸ்டியரிங்கைத் திருப்பியது. எந்தப் பக்கம்? பதினான்கு வருடம் ஒதுங்கிய பக்கம். வலப்பக்கம். கார் கானுக்குள் முன் சக்கரத்தைப் போட்டுச் சரிந்து நின்றது. அந்தப் பக்கம் மலையாக இருந்ததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பஸ் நின்றது. துவாயை வீசிக்கொண்டு ஓடிய மனிதரைக் கண்டு ட்ரைவர் மிதித்த பிரேக்கில், என் காரின் பின்பக்கத்துக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற இடம் மிஞ்சியது. பஸ்ஸுக்குள் பாத்திரங்கள் உருளும் சத்தமும் ஒரு பிள்ளையின் அழுகையும் கேட்டன.

லொறிக்காரர் அதற்குள் வெளியே வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், மாத்தளைப் பக்கத்து முஸ்லிம் மனிதர். முகமெல்லாம் கிரீஸ். நான் காரிலிருந்து தடுமாறி இறங்கியதும் கத்தினார்.

"கண்ணு தெரியாதா உங்களுக்கு? நான் அடியில கிடக்கிறேன்! எனக்கு நாலு பிள்ளைங்க இருக்கு!"

ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். ஆளாளுக்குத் திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். திட்டு வாங்கினால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும் போலிருந்தது. ஆனால் கொண்டக்டர் அக்காவைக் கண்டுவிட்டார். "மிஸ் இல்லையா? பெட்டியோட எங்க, கிளினிக்குக்கா?" என்று கேட்டார். அக்கா மணிக்கூட்டைப் பார்த்தபடி, பன்னிரண்டு மணிப் பஸ்ஸைப் பற்றிச் சொன்னாள்.

அதோடு பேச்சு மாறிவிட்டது. பஸ்ஸைக் கொண்டுபோக முடியாது. லொறிக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு கார் போகும் இடம்தான் இருந்தது. லொறியை அசைக்கச் சக்கரம் பூட்ட வேண்டும். லொறிக்கு அடியில் மாட்டியிருந்த மாற்றுச் சக்கரத்தின் திருகாணி ஒன்று இறுகிப்போயிருந்தது. ஆகவே கார்தான் போக வேண்டும் என்று யாரும் தீர்மானம் போடாமலே தீர்மானமானது. பத்துப் பன்னிரண்டு ஆண்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காரைச் சுற்றி நின்றார்கள். முதலாவதாகக் கானுக்குள் இறங்கி முட்டளவு தண்ணீரில் நின்று, பம்பரில் தோளைக் கொடுத்தவர் லொறிக்காரர். மூன்று தடவை வழுக்கியது. சேறு தோண்டிக் கல் வைத்தார்கள். அதிலேயே இரண்டு மணித்தியாலம் போனது. நாலாவது தடவை காரை அப்படியே தூக்கி ரோட்டில் வைத்தார்கள்.

கொண்டக்டர் இதற்குள் சிக்னல் தேடி வளைவுக்கு மேலே ஏறிப் போயிருந்தார். அங்கிருந்து அவர் போனில் கத்தியது எல்லோருக்கும் கேட்டது. பன்னிரண்டு மணிப் பஸ்ஸின் கொண்டக்டரைப் பிடித்து, சிங்களத்தில், "மிஸ் வருகிறார், பஸ்ஸை எடுத்துவிடாதே," என்று சொன்னார். லைன் வெட்டிப்போனது. மற்றவன் கேட்டானா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை.

நான் ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்தேன். இடப்பக்கம் பார்த்தால் ரோட்டின் விளிம்பு தெரியவில்லை. புல் தெரிந்தது, அதற்கப்பால் மேகம் தெரிந்தது. "என்னால ஏலாது அக்கா. வேற யாராவது ஓட்டட்டும்," என்றேன். அக்கா திட்டாமல் இருந்ததுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது.

லொறிக்காரர் ஜன்னலுக்கு வந்தார். கோபம் முகத்தில் இன்னும் இருந்தது, முஸ்லிம் வழக்கில் அக்கா என்று கூப்பிட்ட குரலில் இல்லை.

"ராத்தா, நீங்கதான் ஓட்டணும். உங்க வண்டி உங்களுக்குத்தான் தெரியும். ரோட்டைப் பார்க்காதீங்க, என்னையப் பாருங்க. நான் நிக்கிற எடம் வரைக்கும் ரோட்டு இருக்கு."

சொல்லிவிட்டுக் காருக்கு முன்னால் போய், பள்ளத்தின் விளிம்பில் நின்றார். என்னைப் பார்த்தபடி, பின்பக்கமாக ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தார். "வாங்க... வாங்க... லேசா இந்தப் பக்கம் வெட்டுங்க... வாங்க." அவருடைய செருப்பின் பின்பக்கம் விளிம்புக்கு வெளியே இருந்ததை நான் பார்த்தேன். இரண்டு மணித்தியாலத்துக்கு முன் நான் கொன்றிருக்கக் கூடிய மனிதர், எனக்கு விளிம்பு தெரிய வேண்டும் என்பதற்காகத் தானே விளிம்பில் நடந்தார். நான் அழுதுகொண்டே ஓட்டினேன். வலப்பக்கக் கண்ணாடி லொறியில் உரசி மடங்கியது. அவர் கையைக் காட்டி, "பரவாயில்ல, வாங்க," என்றார்.

லொறி முடிந்த இடத்தில் நிறுத்தி இறங்கினேன். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன்.

"அல்லாஹ் காத்தான்," என்றார் அவர். "புள்ளைகளுக்கு ஊசி போடப் போறீங்க. மொதல்ல போங்க." பிறகு விவசாயியைப் பார்த்து ஏதோ சொல்லத் திரும்பினார்; அந்த மனிதர் ஏற்கனவே கத்தியோடு புதிதாகக் கொப்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தார்.

அந்த இருவருக்கும் நான் நன்றி சொல்லாமலே வந்துவிட்டேன். இதை எழுதுவதற்கு முதல் காரணம் அதுதான். தோள் கொடுத்தவர்களின் முகங்கள்கூட எனக்கு நினைவில்லை, கைகள்தான் நினைவிருக்கின்றன. அவர்கள் எல்லோரும் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் சாவு வீட்டுக்கும் போய்க்கொண்டிருந்தவர்களாக இருக்கலாம். என்னால் தங்கள் பாதி நாள் போனதை ஒருவராவது சொல்லிக்காட்டவில்லை.

கீழே இறங்கியதும் வெயில் சுட்டது. அக்கா மடியில் மணிக்கூட்டை வைத்துக்கொண்டு வந்தாள். பன்னிரண்டு மணி வழியிலேயே அடித்துவிட்டது. பன்னிரண்டேகால். எதிரே பஸ் வந்தால் எல்லாம் முடிந்தது என்று ஒவ்வொரு திருப்பத்திலும் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

எதிரே பஸ் வரவில்லை. கிளினிக் நடக்கும் சனசமூகக் கட்டடத்துக்கு முன்னால், மரத்தடியில், அது எஞ்சினை அணைத்துவிட்டு நின்றது. ட்ரைவர் படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்குள் சந்தைச் சாமான்களோடு இருந்தவர்கள் கடதாசியால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளி விறாந்தையில் அம்மாமார் அத்தனை பேரும் பிள்ளைகளோடு இருந்தார்கள். ஒருவரும் போயிருக்கவில்லை.

அக்கா பெட்டியின் பெல்ட்டைக் கழற்றி உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் பின்னால் போனேன். மூடியைத் திறந்து, கையை விட்டு, ஐஸ் கட்டிகளை அழுத்திப் பார்த்தாள். வெப்பமானியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் படித்தாள். பிறகு டாக்டரைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒவ்வொரு பிள்ளையாக அழத் தொடங்கியது. அவ்வளவு இனிமையான அழுகையை நான் கேட்டதில்லை. அக்கா வேலையில் இருக்கும்போது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வீட்டில் பேசும் பேச்சு ஒன்றும் அங்கே இல்லை. சிங்களத்தில் பிள்ளைகளோடு கொஞ்சிக்கொண்டே ஊசியைப் போட்டு முடித்துவிடுவாள். முப்பது வருடமாக என் அக்கா செய்யும் வேலையை நான் ஒரு நாளும் வந்து பார்க்கவில்லை என்பது அங்கே நின்றபோதுதான் எனக்குப் பட்டது. வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

கடைசி ஆளாக ஒரு சின்ன வயது அம்மா. ஊசி போட்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு விறாந்தைக்கு வந்தாள். பஸ்ஸில் ஹோர்ன் அடித்தார்கள். அவள் பிள்ளையின் அட்டையைப் பையில் வைக்க வேண்டும், குடையை எடுக்க வேண்டும், செருப்பைப் போட வேண்டும். என்னைப் பார்த்துச் சிரித்து, "மிஸ்ஸை நீங்கள்தானா கூட்டி வந்தீர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று தெரிந்தது. அதை வாங்க என்னால் முடியவில்லை.

"நேரம் போனதே என்னால்தான்," என்றேன், எனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில். "ரோட்டில் போட்டிருந்த கொப்புகளை நான் எடுத்துப்போட்டேன். லொறிக்கு அடியில் ஒரு மனிதர் இருந்தார். பஸ் வந்தது. இந்தக் கையால்தான் எடுத்தேன்."

அவள் நான் சொன்னதை முழுவதும் கேட்டாள். விளங்கியது என்று முகத்தில் தெரிந்தது. சேறு காய்ந்திருந்த என் இரண்டு கைகளையும் பார்த்தாள். பிறகு குனிந்து குடையை எடுப்பதற்காக, தோளில் தேம்பிக்கொண்டிருந்த பிள்ளையைத் தூக்கி, அந்தக் கைகளிலேயே கொடுத்தாள்.